பள்ளிக்கூடம் பங்குபோட்ட முழங்கால்

என் வலது முழங்காலில் முதன்முதலாகக் கைக்கு அகப்பட்டது பட்டாணி அளவில் ஒன்று. சில்லுக்கு மேலே, தொடைப் பக்கமாக, தோலுக்கு அடியில் கிடந்தது. விரலால் அமுக்கினேன், வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் தேடினால் அங்கே இல்லை. இரண்டு நாள் கழித்து முட்டிக்கு உள்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. என் உடம்புக்குள் என்னைக் கேட்காமல் ஒன்று குடிவந்து இஷ்டத்துக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்றால் எனக்குக் கோபம் வருமா, வராதா? வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிய கோலம். என் கணவர் நூல் மில்லில் ஷிப்டு பார்த்தார். சாதுவான மனிதர். எங்கள் வீட்டுக்கு வேண்டிய சத்தம் மொத்தத்தையும் நானே போட்டுவிடுவேன், அவருக்கு மிச்சம் வைத்ததில்லை.

சுதந்திர தின அணிவகுப்புக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் முட்டி முதல் தடவையாகப் பூட்டிக்கொண்டது. முன்னால் நின்று காலைத் தூக்கிக் காட்டினேன். தூக்கிய கால் பாதி மடிந்தபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் ஏதோ புதிதாகச் சொல்லித்தருகிறார் என்று நினைத்து, முதல் வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார்கள். "இறக்குங்கடி காலை!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்காய் பறந்தது. காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டியபோது உள்ளே 'டக்' என்று ஒன்று விலகி, முட்டி தானாக நீண்டது.

ஆசிரியர் அறையில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வாதம் என்றார் ஒருவர், சுளுக்கு என்றார் இன்னொருவர். கன்னிவாடியிலிருந்து என் அம்மா ஒரு பாட்டில் எண்ணெயோடு வந்து இறங்கினார். "பொம்பளப் புள்ள ஆம்பளையாட்டம் ஓடித் திரிஞ்சா முட்டி என்னத்துக்கு ஆகும்? சொன்னாக் கேட்டாத்தானே" என்று தேய்த்துக்கொண்டே திட்டினார். "ஓடித் திரிஞ்சதுக்குத்தாம்மா சம்பளம் குடுக்குறாங்க" என்றேன். எண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம், முட்டி மாதம் ஒரு தடவை பூட்டிக்கொண்டுதான் இருந்தது. வீங்கவும் ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் வயதான எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, படத்தை விளக்குப் பெட்டியில் செருகி என்னையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். முட்டியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக, சவ்வரிசியைச் சிந்தியதுபோல் இறைந்து கிடந்தது.

"மூட்டைச் சுத்தி உள்பக்கமா ஒரு சவ்வு இருக்கும்மா. எண்ணெய் ஊறுற இடம் அது. உனக்கு அந்தச் சவ்வுல குருத்தெலும்பு முளைக்குது. முளைச்சது உதிர்ந்து உள்ள உருளுது. கதவிடுக்குல கல்லு மாட்டுற மாதிரி ரெண்டு எலும்புக்கு நடுவுல மாட்டும்போது முட்டி பூட்டிக்கிடும்."

"எதுனால சார் வருது? நான் குதிச்சதாலயா?"

"குதிக்காதவங்களுக்கும் வரும். எதுனாலன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. புத்துநோய் இல்ல, பயப்படாத. ஆனா எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் இது மசியாது. மதுரையில போயி முட்டியைத் திறந்து, உதிர்ந்ததை எல்லாம் அள்ளிப்போட்டு, முளைக்கிற சவ்வையும் சுரண்டி எடுக்கணும்."

குதித்ததால் வரவில்லை என்ற ஒரு வார்த்தையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் உரக்கச் சொன்னேன். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன். அந்த வருடம் எறிபந்து அணி நன்றாக அமைந்திருந்தது. அடுத்த வருடம் கோகோ அணி. பூட்டிக்கொண்டால் ஆட்டிவிடுவது எனக்கும் பழகிவிட்டது. எக்ஸ்ரே படம் பழுப்பு உறையில் பீரோவுக்கு மேலே கிடந்தது.

அப்புறம்தான் சூரிய கிரகணம் வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. பாதி வீடுகளில் சமைத்ததை மூடிவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் அறிவியல் டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரும் ஒரு கன்னியாஸ்திரிதான். "நம்ம பிள்ளைங்க ஒருத்தி விடாம மைதானத்துல நின்னு பாக்கணும். வீட்டுல பழைய எக்ஸ்ரே இருந்தா கொண்டாங்க" என்று காலை ஜெபத்தில் அறிவித்தார். எக்ஸ்ரே படத்தின் வழியாகப் பார்க்கக் கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு ஊரே அப்படித்தான் பார்த்தது.

நான் அந்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழனிக்கு விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கேட்டதும் என் கணவர் பீரோ மேலிருந்து உறையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் திரும்பிவந்ததும் என்னவோ தர்மம் செய்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம வீட்டுப் படந்தான் இருக்கறதுலயே பெருசாம். சிஸ்டர் சந்தோசப்பட்டாங்களாம்."

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பழைய படம், யாருக்கு வேண்டும்? அறிவியல் டீச்சர் அதைக் கத்தரிக்கோலால் சதுரம் சதுரமாக வெட்டி, பெஞ்சு வரிசைப்படி பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார். என் முழங்கால் வழியாக ஒரு வகுப்பே சூரியனைப் பார்த்திருக்கிறது. "டீச்சர், உங்க முட்டிச் சில்லு வழியா நெலா மாதிரி தெரிஞ்சுச்சு" என்று ஒருத்தி வந்து பெருமையாகச் சொன்னாள்.

மறு வருடம் முட்டி என்னை விடவில்லை. பஸ் படியில் ஏறும்போது பூட்டிக்கொள்ள, பின்னால் ஏறிய அத்தனை பேரும் என் மேல் சாய்ந்தார்கள். வீக்கம் வற்றவே இல்லை. சரி, ஆனது ஆகட்டும் என்று மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன். முட்டியைத் திறந்து அள்ளியதை ஒரு கிண்ணத்தில் போட்டு என் கணவரிடம் காட்டினார்களாம். பயறு போலவும் சவ்வரிசி போலவும் வெள்ளையாக மினுமினுவென்று கிண்ணம் நிறைய இருந்ததாம். "பாக்க முத்து மாதிரி இருந்துச்சு" என்றார். "அப்ப கோத்துப் போட்டுக்கிட வேண்டியதுதானே" என்றேன். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை, வாய் மட்டும் தெளிந்திருந்தது.

எடுத்ததில் கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். தையல் பிரிக்கப் போன அன்று ரிப்போர்ட் வந்திருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"குருத்தெலும்புல வர்ற கேன்சர்னு ரிப்போர்ட் வந்திருக்கு. இந்த வகைக்கு மருந்து ஏத்துறது, கரண்டு வைக்கிறது ரெண்டும் கேக்காது. முட்டிக்கு மேல காலை எடுத்துறணும். தள்ளிப்போட்டா நெஞ்சுக்குப் பரவும்."

என் கணவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கோபம் மட்டும்தான் கேட்டது.

"திண்டுக்கல் டாக்டர் புத்துநோய் இல்லன்னு சொன்னாரே சார்."

"அவர் படத்தைப் பார்த்துச் சொன்னார். இது சதையை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்துச் சொன்னது."

"பார்த்தவர் என் படத்தைப் பார்த்தாரா?"

"அவங்க வேலை ஸ்லைடு பாக்குறதும்மா."

"அப்ப முழங்காலையே பாக்காம முழங்காலுக்குத் தீர்ப்பு எழுதிட்டாரு. கோட்டுப் பக்கத்துல நிக்காத அம்பயர் அவுட்டுன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன் சார்."

அவர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். ஆபரேஷனுக்குச் சம்மதம். என் கணவர் கெஞ்சுகிற குரலில் "போட்டுரு" என்றார். "போட மாட்டேன்" என்றேன். தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டுக் கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் முதுகு நிமிர்ந்திருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன், திண்டுக்கல் வரும்வரை விடவில்லை. பயம்தான். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

செய்தி எங்கள் மாதா கோவில் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. சாவு வீட்டுக்கு வருவதுபோல் வந்தார்கள். ரொட்டியும் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் மேசையில் குவிந்தன. என் முகத்தைப் பார்க்காமல் போர்வைக்குள் இருந்த காலையே பார்த்துப் பேசினார்கள். "இப்பல்லாம் கட்டைக்கால் வச்சுக்கிட்டு சைக்கிளே ஓட்டுறாங்களாம்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். "அப்ப உங்களுக்கும் ஒன்னு எடுத்துரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். தலைமைக் கன்னியாஸ்திரி, எனக்காக நூலகத்தில் ஒரு நாற்காலி ஒதுக்கியிருப்பதாகச் சொல்லியனுப்பினார். அன்பாகத்தான் சொல்லியிருப்பார். அன்பாகச் சொன்னாலும் அது என் கால் போய்விட்டது என்று முடிவுகட்டிய பேச்சுத்தானே.

அம்மாவும் என் கணவரும் ஒரு கட்சியானார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போய் அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"ஆத்தா, உசுரு பெருசா, காலு பெருசா?" என்று அம்மா அழுதார்.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களாம்மா?"

"மூட்டைப்பூச்சி இல்லடி, நல்ல பாம்புன்னு டாக்டரே சொல்றாரே!"

"பாம்புன்னு பாத்துட்டுச் சொல்லட்டும். கயித்தைக் கண்டு சொல்லியிருந்தா?"

என் கணவர் இடையில் வந்து, "காலு போனா என்ன, நீ இருந்தாப் போதும் எனக்கு" என்றார். வேறு எந்த நாளில் சொல்லியிருந்தாலும் உருகியிருப்பேன். அன்றைக்குத் தலையணையை எடுத்து வீசினேன். "ஒங்களுக்குப் போதும். எனக்குப் போதாது!"

மறுநாள் ஆட்டோ வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கிழட்டு டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"செல்லெல்லாம் முரடா, கோணல்மாணலா இருக்குன்னு எழுதியிருக்காரு. அவர் பார்த்தது பொய் இல்லம்மா. சவ்வுல முளைக்கிற உன் நோயிலயும் செல்லு முரடாத்தான் தெரியும். அதை மட்டும் பார்த்தா யாருக்கும் புத்துநோய்னுதான் தோணும். சில பேருக்கு நெசமாவே புத்துநோயாவும் இருந்துரும், அதையும் சொல்லிட்டேன். நான் இல்லன்னு நெனைக்கிறேன். ஆனா நான் நெனைக்கிறதை நம்பி நீ காலை வச்சுக்கிடவும் கூடாது. எலும்புக் கட்டி ஸ்லைடு மட்டுமே பாக்குற அம்மா ஒருத்தங்க சென்னையில இருக்காங்க. ஸ்லைடையும் சதையை மெழுகுல பதிச்ச கட்டியையும் வாங்கிட்டுப் போ."

மதுரைப் பரிசோதனைக் கூடத்தில் அதெல்லாம் வெளியே தர வழக்கமில்லை என்றார்கள். "என் உடம்புல இருந்து எடுத்ததைத்தான் கேக்குறேன், உங்க வீட்டுச் சாமானைக் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவர்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் கொடுத்துவிட்டார்கள்.

சென்னை அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கசங்கிய கைத்தறிச் சேலை. மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையை எடுக்காமலே என்னோடு பேசினார். ஸ்லைடுகளைப் பார்த்த பிறகு, ஆபரேஷனுக்கு முன்னால் மதுரையில் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தொடை எலும்பின் அடியில், உள்பக்க ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதன்மேல் பென்சிலை வைத்தார்.

"இது எப்ப வந்தது? உருண்டைங்க வருஷக்கணக்குல அழுத்தி அழுத்தியும் இப்படிக் குழி விழும். புத்துநோய் அரிச்சாலும் விழும். ஒரே படத்தை வச்சு இதை நான் சொல்ல முடியாது. முந்தைய படம் இருக்கா?"

"மூணு வருஷத்துக்கு முன்னால எடுத்தது இருந்துச்சு மேடம்."

"இருந்துச்சுன்னா? இப்ப எங்க?"

"கிரகணத்துக்குப் போயிருச்சு."

முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கணவர் கூரையைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மூணு வருஷத்துக்கு முன்னாடியே இதே பள்ளம், இதே அளவுல இருந்தா, இது புத்துநோய் இல்ல. இத்தனை நாள் சும்மா இருக்கற புத்துநோய் கிடையாது. அன்னைக்கு இல்லாம இப்ப வந்திருந்தா, மதுரை டாக்டர் சொல்றதைக் கேளுங்க. அந்தப் படத்தைத் தேடுங்க. ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை ஜெபத்துக்குக் கட்டைகளோடு போய் நின்றேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஜெபம் முடிந்ததும் ஒலிபெருக்கியைப் பிடித்தேன்.

"போன வருஷம் கிரகணம் பார்த்த எக்ஸ்ரேத் துண்டு யார்யாருகிட்ட இருக்கோ, எல்லாரும் எடுத்துட்டு வாங்க. வீட்டுல இருந்தா இப்பவே ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க. அது என் முழங்கால். அது எனக்குத் திரும்ப வேணும்!"

பிள்ளைகள் வகுப்புகளுக்கு ஓடினார்கள். பிறகு ஜியாமெட்ரி பாக்ஸ்கள் திறக்கும் சத்தம் கேட்டது பாருங்கள், மழை பிடித்ததுபோல் அப்படி ஒரு சத்தம். பிள்ளைகள் எதையும் தூர எறிவதில்லை. வேதக் கல்விப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருந்தவள், மயிலிறகோடு சேர்த்து வைத்திருந்தவள், ஓரத்தில் துளைபோட்டு நூல் கோத்து வைத்திருந்தவள் என்று எல்லோரும் வந்தார்கள். தலைமைக் கன்னியாஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அறிவியல் கூடத்து ஜன்னல் கண்ணாடியில் செல்லோ டேப்பால் ஒட்ட ஆரம்பித்தோம். நான், அறிவியல் டீச்சர், மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்த என் கணவர். கிரகணத்துக்குக் கொடுத்தது என் வீடு மட்டும் இல்லையே. யார் யாருடைய விலா எலும்போ, ஒரு குழந்தையின் கை, ஒரு இடுப்பு எல்லாம் கலந்து வந்தன. அவற்றை ஒதுக்கி ஒதுக்கி என் எலும்பைத் தேடினேன். என் சவ்வரிசி எனக்கு அடையாளம் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் என் முழங்கால் ஜன்னலில் ஏறி நின்றது. சில துண்டுகள் இல்லை. கீழ்க்கால் பக்கம் காணாமல் போனது பரவாயில்லை. ஆனால் தொடை எலும்பின் உள்பக்க ஓரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம் காலியாக, அதன் வழியாக வெளியே வேப்பமரம் தெரிந்தது.

பள்ளம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தச் சதுரத்தில்தான் இருந்தது. அறிவியல் டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நான்தான் வெட்டினேன், நான்தான் வெட்டினேன்" என்று புலம்பினார்.

"சிஸ்டர், அழுகையை அப்புறம் வச்சுக்கங்க. வரிசையா வெட்டி வரிசையாத்தானே குடுத்தீங்க? இந்தத் துண்டுக்கு அக்கம்பக்கம் யாரு வச்சிருந்தாங்க?"

அப்படித்தான் பிடித்தோம். இடது பக்கத் துண்டைக் கொண்டுவந்தவளும் வலது பக்கத் துண்டைக் கொண்டுவந்தவளும் ஒரே பெஞ்சு. நடுவில் உட்கார்ந்திருந்தவள் பத்தாம் வகுப்பு முடித்ததும் பள்ளியை விட்டு வத்தலக்குண்டுக்குப் போய்விட்டாளாம். அப்பாவுக்கு அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடையாம்.

மறுநாள் காலை பஸ்ஸில் என் கணவரும் வந்தார். மதுரைப் படத்தை மடியில் வைத்திருந்தார். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார்.

"அது கிடைக்கலன்னா?"

"கிடைக்கும்."

"கிடைச்சு, அதுல பள்ளம் இல்லாமப் போச்சுன்னா?"

நானும் இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். "அப்ப நானே எடுக்கச் சொல்றேன். கையெழுத்தும் நானே போடுறேன். ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போடுவேன். கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட மாட்டேன்" என்றேன். அவர் என் கட்டைகள் சரியாமல் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பழக்கடைக்குப் பின்சந்தில் வீடு. அந்தப் பிள்ளையின் அம்மா எங்களை உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் முகம் மலர்ந்தது.

"அந்தக் கருப்புத் தாளுங்களா? அது வீணாப் போகல டீச்சர். பிளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டுக் கழுவுனா கண்ணாடி கணக்கா ஆயிரும்ல? அங்கன பாருங்க."

சுவரில் மாதா படம். அதற்குக் கண்ணாடிக்குப் பதில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாள். சுத்தமாக, பளபளவென்று, ஒரு எலும்பும் இல்லாமல். என் கணவர் என் தோளைப் பிடித்தார். நான் மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவரை அப்படி முறைத்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குள் உள்ளேயிருந்து அந்தப் பிள்ளை ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அட்டென்ஷனில் நின்றாள். "அம்மா, அது அப்பாவோட நெஞ்சுப் படம்மா! அம்புட்டுப் பெருசா அது? டீச்சரோடது சின்னத் துண்டு. அதை நான் கழுவ விடலையே" என்று சொல்லிக்கொண்டே தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு பழைய வாழ்த்து அட்டை உறைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள். மூலையில் காம்பஸ் முனையால் ஒரு சூரியன் கீறியிருந்தாள். அது எலும்பின் மேல் படவில்லை.

என் கணவர்தான் வாங்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். ஒரு கையில் துண்டையும் மறு கையில் மதுரைப் படத்தையும் வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கொடைக்கானல் பஸ்ஸுக்கு ஓடியவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார்.

"இருக்குடி," என்றார். "பள்ளம் இருக்கு. அதே எடத்துல இருக்கு." அப்படியே தெருவில் நின்று அழுதார். என்னை அவர் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒட்டுப்போட்ட படத்தைச் சென்னை அம்மா ஸ்கேல் வைத்து அளந்தார். அன்றைய பள்ளமும் இன்றைய பள்ளமும் ஒரே அளவு. விளிம்பு வழுவழுவென்று இருக்கிறது, எலும்புக்குள் எதுவும் நுழையவில்லை என்றார். புற்றுநோய் அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டார். "திரும்பவும் முளைக்கலாம். முளைச்சா திரும்பவும் சுரண்டணும். வருஷம் ஒரு படம் எடுத்துப் பாருங்க. எடுக்கறதைப் பத்திரமா வைங்க" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

அதை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். டாக்டர் வாசித்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் எலும்பை மட்டும் பார்த்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா மறுநாளே எடுத்திருப்பேன்மா. நல்லதுன்னு நெனச்சுத்தான் எடுத்திருப்பேன்." அவரைத் திட்டுவதற்கென்றே பஸ்ஸில் வார்த்தைகள் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன். அத்தனை நாள் அடக்கிவைத்தது அது.

அது திரும்பவும் முளைத்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தடவை. அதற்குள் முட்டியைத் திறக்காமல் சின்னத் துளைபோட்டுக் குழாய் வழியாக எடுக்கிற வசதி வந்துவிட்டது. உறையில் இருந்த பழைய படங்களை எல்லாம் புது டாக்டர் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஒட்டுப்போட்ட படத்தைப் பார்த்து, "இதை எலி கடிச்சிருச்சாம்மா?" என்று கேட்டார். அவருக்கும் முழுக்கதையையும் சொன்னேன், கேட்க விருப்பமா என்று கேட்காமல்.

விசில் இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. ஓட முடியாது, ஓடவைக்க முடியும். முட்டி நீளும், தாங்கும், நடக்கும். முழுசாக மடங்காது, அவ்வளவுதான்.

போன ஈஸ்டர் பூசையில் கோவில் நிரம்பி வழிந்தது. நடுப்பூசையில் அப்பம் தூக்கும் நேரத்துக்கு மணி அடித்ததும் அத்தனை பேரும் முழந்தாளிட்டார்கள். என் கணவரும் பக்கத்தில் முழந்தாளிட்டார். நான் நின்றேன். எப்போதும் நிற்பதுபோலத்தான். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, வெளியூரிலிருந்து எங்கள் பங்குக்குப் புதிதாக வந்தவர், என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"என்னம்மா, எல்லாரும் முட்டி போட்டுருக்காக, நீ மட்டும் நிக்குற? முடியலன்னா உக்காரு. பெஞ்சு இருக்குல்ல?"

"முடியாம நிக்கலக்கா," என்று திரும்பிச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. "இந்தக் காலை வெட்டி எடுக்கணும்னு சொன்னாங்க. விட மாட்டேன்னு சண்டை போட்டு வச்சிருக்கேன். அதுல நின்னு ஆண்டவருக்குக் காட்டுறேன்."

அக்கா கையை எடுத்துவிட்டார். பீடத்தில் சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடித்தார். கோவில் முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. நான் என் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தேன்.